கருத்தடை மாத்திரை விளம்பரம்: புகார் கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

அக்காமாரே, எனக்கு 31 வயது, ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். போனில் வந்த விளம்பரத்தை நம்பி நான்கு மாதம் கருத்தடை மாத்திரை சாப்பிட்டேன். ஒவ்வொன்றிலும் இரண்டு ஹார்மோன்கள்: டிரோஸ்பைரினோன் 3 மி.கி., எத்தினைல் எஸ்ட்ராடயால் 0.03 மி.கி. அட்டைக்கு 21 மாத்திரை. "முகப்பரு போகும், பக்கவிளைவே கிடையாது" என்று போட்டிருந்தார்கள். மருந்துக்கடையில் சீட்டுகூடக் கேட்கவில்லை.

இரண்டாவது அட்டையிலேயே தலைவலி, நடுநடுவே ரத்தக்கசிவு. நான்காவதில் பிரஷர் 150/95. அதற்கு முன் 120-ஐத் தாண்டியதே இல்லை. பாளையங்கோட்டையில் டாக்டரைப் பார்த்தேன். உடனே நிறுத்தச் சொன்னார். இப்போது இறங்கிவிட்டது, சரி. ஆனால் பெட்டிக்குள் இருந்த தாளை அப்புறம்தான் விரித்துப் பார்த்தேன். ரத்த உறைவு, ரத்த அழுத்தம் எல்லாம் எறும்பு எழுத்தில் அதிலேயே இருக்கிறது! (மைனி அன்றைக்கே படிக்கச் சொன்னார்கள், கேட்டேனா?)

கம்பெனிக்கு இரண்டு முறை எழுதினேன். "உடம்புக்கு உடம்பு மாறும்" என்று ஒரு வரி பதில். கடைக்காரர் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார். மருந்தைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்தை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. பில், காலி அட்டை, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கின்றன.

நெல்லையில் மருந்து ஆய்வாளரிடம் இப்படி எழுத்தில் புகார் கொடுத்தவர்கள், இவற்றோடு வேறு என்னென்ன இணைத்தீர்கள்?