ரவுண்டானாவில் இண்டிகேட்டர்: உங்கள் அனுபவங்கள்

சாலையின் இடப்புறம் ஓட்டும் முறைப்படி எழுதுகிறேன். வலப்புறம் ஓட்டுவோர் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

ரவுண்டானாவின் முகப்பில், வலமிருந்து சுற்றி வரும் வண்டிகளுக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். ஒரு கார் இடது இண்டிகேட்டர் எரிய வந்தது. நாங்கள் நிற்கும் சாலைக்குள்தான் அது திரும்பப் போகிறது என்று நம்பி, பக்கத்துத் தடத்தில் நின்ற வேன் உள்ளே நுழைந்துவிட்டது. காரோ எங்களைக் கடந்து அடுத்த சாலைக்குப் போக வேண்டியது. இருவரும் பிரேக்கை மிதித்ததால் மோதல் தவிர்ந்தது. அந்த ஓட்டுநர் இண்டிகேட்டரே போடாமல் வந்திருந்தால் வேன் நகர்ந்திருக்காது. ஒரு சாலை முன்னதாகப் போட்டதுதான் வினையாயிற்று.

முதல் வழியில் வெளியேறுவோர் ரவுண்டானாவை நெருங்கும்போதே இடது இண்டிகேட்டரைப் போடலாம். நேராகச் செல்வோர் எதுவும் போடாமல் நுழைந்து, தமக்கு முந்தைய வழியைக் கடந்த பிறகே இடதைப் போட வேண்டும். வலப்புறம் செல்வோரும் முழுச் சுற்றுச் சுற்றித் திரும்புவோரும் வலது இண்டிகேட்டருடன் நுழைந்து, அதேபோல் தமக்கு முந்தைய வழியைக் கடந்த பிறகு இடதுக்கு மாற்ற வேண்டும். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு இம்முறையைத்தான் கூறுகிறது. ஜெர்மனியில் நுழையும்போது இண்டிகேட்டர் போடவே கூடாது. வெளியேறும்போது போடுவது கட்டாயம். காத்திருப்பவருக்குத் தேவைப்படுவது அந்தக் கடைசி அறிவிப்பு மட்டுமே என்பதால், ஜெர்மானிய விதி எனக்குத் தெளிவாகப் படுகிறது.

—

மேலே எழுதியவர் கூறிய காரில், முந்தைய திருப்பத்தில் போட்ட விளக்கே அணையாமல் இருந்திருக்கலாம். இண்டிகேட்டர் தானாக அணைவதற்கு, ஸ்டீயரிங் ஓரளவு திரும்பி மீண்டும் நேராக வர வேண்டும். வெளியேறும் வளைவு மென்மையாக இருந்தால் அந்த அளவு எட்டப்படாமல், விளக்கு அடுத்த ரவுண்டானா வரை எரிந்துகொண்டே வரும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. வலது இண்டிகேட்டருடன் நுழையும்போது முதலில் ஸ்டீயரிங்கை இடப்புறமாகச் சற்று ஒடிக்க வேண்டியிருப்பதால், பல கார்களில் அது அங்கேயே அணைந்துவிடுகிறது. வலப்புறம் போகிறவர் நேராகப் போவதாகவே எதிரில் வருவோருக்குத் தோன்றும். நுழைந்தவுடன் டாஷ்போர்டு அம்புக்குறியை ஒரு முறை பார்த்து, அணைந்திருந்தால் மீண்டும் போடுகிறேன்.

—

மிகச் சிறிய ரவுண்டானாக்களில் இவ்வளவுக்கு நேரமே இருப்பதில்லை. கை இண்டிகேட்டரைத் தொடுவதற்குள் வண்டி வெளியே வந்துவிடுகிறது. அங்கே நுழையும் முன் போடும் இண்டிகேட்டரே பயன்படுகிறது. எனினும் நான் காத்திருக்கும்போது, பெரிய ரவுண்டானாவோ சிறியதோ, வருகிற வண்டியின் வேகம் குறைந்து முன்சக்கரம் வெளிவழிப் பக்கம் திரும்புவதைக் கண்ட பிறகே நகர்கிறேன். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.