கமார்க் காளை ஓட்டம்: போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். பாரிஸில் இருக்கிறேன். நவம்பர் 11 விடுமுறைக்கு அப்பாவை தென் பிரான்சின் கமார்க் பகுதியில் இருக்கும் செந்த்-மாரி-தெ-லா-மேர் என்கிற கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போக ஆசை. வெள்ளைக் குதிரைகளில் கார்டியான்கள் (அந்த ஊர் மாட்டு மேய்ப்பர்கள்) கறுப்புக் காளைகளை நடுவில் நெருக்கிக் கடற்கரை மணலில் ஓட்டி வருவார்களே, அந்த 'அப்ரிவாடோ' பார்க்கத்தான். வீடியோவில் குதிரைகளுக்கு நடுவே கொம்பு நுனி மட்டும் தெரிந்ததும், அலங்காநல்லூர்க்காரரான அப்பா எழுந்தே நின்றுவிட்டார்!

ஆர்ல் வரை ரயில், அது பிரச்சினையில்லை. அதற்கப்புறம் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். அன்றைக்கு பஸ்ஸை நம்பலாமா, இல்லை வாடகைக் கார்தானா? அப்பாவுக்கு முழங்கால் வலி, காளை திரும்பினால் ஓட முடியாது (ஓட மாட்டேன் என்கிறார், அது வேறு கதை). தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்க இடம் கிடைக்குமா? எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்? அறை இப்போதே போட்டுவிடலாமா? கொஞ்சம் சொல்லுங்களேன்.