தாத்தாவோட அப்பா எந்தக் கப்பல்ல வந்தாருன்னு கண்டுபிடிக்க முடியுமா? தகரத் துண்டு ஒன்னு கைல இருக்கு

கொட்டாஞ்சேனை மகள்:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் எங்க பாட்டி தவறிட்டாங்க. அவங்க ட்ரங்குப் பெட்டிய ஒதுக்கும்போது அடில பழைய சேலைக் கிழிசல்ல முடிஞ்சு வச்சிருந்த ஒரு தகரம் கெடைச்சிச்சு, உள்ளங்கைல அடங்குற அளவு தான், மேல ஒரு ஓட்டை, கருத்துப் போயிருக்கு. போன் டார்ச்ச சரிச்சுப் புடிச்சா ஒரு இங்கிலீஷ் எழுத்தும் ரெண்டு நம்பரும் அடிச்சிருக்கிறது தெரியுது. தாத்தாவோட அப்பா கழுத்துல மாட்டிக்கிட்டு வந்ததுன்னு பாட்டி சொல்லுவாங்களாம்.

எங்களுக்கு தெரிஞ்சது ரொம்ப கொஞ்சம். அவரு முசிறில இருந்து வந்தாரு, ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் காம்ப்ல வச்சு கிருமி போக துணிமணி எல்லாம் அவிச்சுக் குடுத்தாங்க, கப்பல் ஏறி வந்து ரயில் புடிச்சு மலைக்கு போனாங்க. தாத்தா 1926ல ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல பொறந்தவரு, பர்த் சர்டிபிகேட் இருக்கு. அப்பா கொழும்புக்கு கடை வேலைக்கு வந்து இங்கயே தங்கிட்டாரு. அமெரிக்கா போனவங்களோட பேரப்பிள்ளைங்க கப்பல் லிஸ்ட்ல பேரத் தேடி எடுக்குறத யூடியூப்ல பார்த்தேன், அந்த மாதிரி இந்த நம்பர வச்சு கப்பல தேட முடியுமா? யாரையாவது எங்கயாவது போய் பார்க்கணும்னாலும் போவேன், லீவு போட்டாவது போவேன்.

தோட்டத்துப் பையன்:
அக்கா, மொதல்ல அந்தத் தகரத்த பிராசோ, புளி எதையும் போட்டுத் தேய்க்காதீங்க. இப்ப இருக்கிற மாதிரியே வெள்ளத் தாள் மேல வச்சு பக்கவாட்டு வெளிச்சத்துல போட்டோ எடுத்து வைங்க.

அது கப்பல் நம்பர் இல்லக்கா. அது "தகரத் துண்டு", இங்கிலீஷ்ல டின் டிக்கெட்னு சொல்லுவாங்க, 1900க்கு அப்புறம் தான் பாவனைக்கு வந்துச்சு. அந்த எழுத்து மாவட்டத்துக்கு, ஒரு நம்பர் தோட்டத்துக்கு, மத்தது அந்தத் துண்டோட வரிசை நம்பர். தொரை, அதாவது தோட்டத்து மேனேஜர், இதை ஆள் சேர்த்து வேலை வாங்குற கங்காணிக்கிட்ட குடுத்து விடுவாரு, கங்காணி ஊருக்குப் போய் சேர்க்குற ஆளுங்க கழுத்துல மாட்டி விடுவாரு, ரயில் செலவு கப்பல் செலவு எல்லாம் அந்த நம்பர் தோட்டத்துக் கணக்குல விழும். ஆளோட பேரு அதுல இல்ல, எந்தத் தோட்டத்துக்கு அனுப்பணும்ங்கிறது மட்டும் தான். அதனால உங்களுக்கு கப்பல் கெடைக்கல, ஆனா அவரு மொத மொதல்ல போய் இறங்குன தோட்டம் கைல இருக்கு. தாத்தா பொறந்த தோட்டமும் அதுவும் ஒன்னு தானான்னு பாருங்க, நம்ம ஆளுங்க கங்காணி பின்னாடி தோட்டம் மாறிக்கிட்டே இருந்தவங்க.

கப்பல் லிஸ்ட்டப் பத்தி சொல்றேன். தென்னாப்பிரிக்காவுல நேட்டால், மொரீஷியஸ், பிஜிக்கு போன நம்ம சனங்க ஒப்பந்தத்துல கைநாட்டு வச்சுப் போனவங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், அப்பா பேரு, ஊரு, தாலுக்கா எல்லாம் எழுதி வச்சாங்க. 1860 நவம்பர் 16ம் திகதி டர்பன்ல போய் நின்ன ட்ரூரோ கப்பல்ல வந்தவங்க பேரக் கூட இன்னைக்கும் தேடலாம். இலங்கைக்கு அந்த மாதிரி ஒப்பந்தம் இல்ல, கங்காணி முறை, கிட்டத்துக் கடல், வருவாங்க போவாங்க. அதனால இங்க கப்பல்ல இருந்து தொடங்காம வீட்ல இருந்து பின்னுக்கு பின்னுக்கு போகணும்.

உங்க கதைலயே வருஷமும் இருக்கு பாருங்க. தனுஷ்கோடி தலைமன்னார் கப்பலும் ரயிலும் சேர்ந்து ஓட ஆரம்பிச்சது 1914ல. மண்டபம், கப்பல், அப்புறம் ரயில்னா அதுக்கு பிறகு தான். தாத்தா இங்க பொறந்தது 1926. அப்ப அந்த பன்னெண்டு வருஷத்துக்குள்ள தான் தேடணும். முசிறிங்கிறத ஊருன்னு நெனைக்காதீங்க, பழைய ஆளுங்க அனேகமா தாலுக்கா பேரத் தான் சொல்லுவாங்க.

வெள்ளவத்தை ஐயா:
பிள்ளை, தம்பி சொன்னது சரி. நான் ஒண்டு சேர்க்கிறன். 1914க்கு முதல் வந்த ஆக்கள் தூத்துக்குடியிலயிருந்து நேரா கொழும்புக்கு கப்பல்ல வந்தவை, அவையை மறிச்சு வைச்சு நோய் பார்த்தது அங்கால தட்டப்பாறை காம்ப், இஞ்சால ராகமை காம்ப். அதுக்கும் முந்தினவை மன்னார்ப் பக்கம் வள்ளத்தில இறங்கி காட்டு வழியா மாத்தளை மட்டும் நடந்தே போனவை, வழியில வாந்திபேதியில செத்த சனம் கொஞ்சநஞ்சம் இல்லை. வீட்டுக் கதையில ராகமை எண்டு ஆரும் சொல்லியிருந்தால் கணக்கை மாத்தோணும், அதையும் வீட்டுப் பெரியாக்களிட்ட கேளுங்கோ.

என்ர அம்மப்பா யாழ்ப்பாணத்திலயிருந்து மலாயா ரெயில்வே வேலைக்கு போனவர், அவரைத் தேடித்தான் நான் இந்த வேலை பழகினது. கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையில (பழைய ரீட் அவனியூ) இருக்கிற தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு அடையாள அட்டையோட போங்கோ. பெர்குசன் டைரக்டரியின்ர பழைய வருசங்களை எடுத்துத் தரச்சொல்லிக் கேளுங்கோ, தோட்டப் பேரும் மாவட்டமும் அதில கிடக்கு. தோட்டத்துக்கு கடதாசியில ஒரு இங்கிலீஷ் பேரும் சனத்தின்ர வாயில ஒரு தமிழ்ப் பேரும் இருக்கும், ரெண்டையும் எழுதிக்கொண்டு போங்கோ. ஆளின்ர பேரையும் அப்பிடித்தான், கருப்பன் எண்ட ஒரு பேரையே ஒருத்தன் கே போட்டு எழுதுவான் ஒருத்தன் சி போட்டு எழுதுவான், நான் ஒரு எழுத்தாலயே ரெண்டு மாசம் மினக்கெட்டன்.

தோட்டத்துப் பையன்:
ஐயா சொன்ன ஆர்க்கைவ்ஸுக்கு போறதுக்கு முந்தி வீட்ல ஒரு விஷயம் தேடுங்கக்கா. 1948ல நம்ம மலையகத்து சனங்களுக்கு பிரஜாவுரிமை இல்லாம போச்சு, 1949 சட்டத்துல விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரைக்கும் தான் டைம் குடுத்தாங்க. கல்யாணம் முடிச்சவங்க ஏழு வருஷம், முடிக்காதவங்க பத்து வருஷம், 1946க்கு முந்தி விடாம இங்க இருந்தோம்னு காட்ட வேண்டியிருந்துச்சு. அதுக்காக எங்க தாத்தா செக்ரோல்ங்கிற வேலை நாள் கணக்குத் துண்டு, தொரை குடுத்த கடிதம்னு ஒரு பை நெறைய சேர்த்து வச்சிருந்தாரு, எங்க வீட்டுக் கதை முழுக்க எனக்கு அந்தப் பைல தான் கெடைச்சிச்சு. நம்ம உரிமைய நிரூபிக்கச் சொல்லி அலைய வச்ச அதே பேப்பர் தான் இன்னைக்கு நமக்கு வம்சாவளி.

அப்புறம் 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியா போன சொந்தம் யாராவது இருக்காங்களா? அவங்களுக்கு பேமிலி கார்ட் குடுத்தாங்க, அதோட சேர்ந்த பேப்பர்கள்ல ஊர் பேரு இருக்கலாம்.

கொட்டாஞ்சேனை மகள்:
தம்பி, ஐயா, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. பாட்டியோட தங்கச்சி குடும்பம் 74ல போனவங்க, கோத்தகிரி பக்கம் டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலை) தோட்டத்துல இருக்காங்க. நேத்து ராத்திரி சின்னப் பாட்டியோட பேசினேன், நாங்க பேசியே ஆறு வருஷம். அவங்களும் போகும்போது அதே மண்டபத்துல தான் இறக்குனாங்களாம், அப்பா வந்த வழியிலயே திரும்பிப் போறோம்னு அழுதாங்களாம், சொல்லும்போதே குரல் அடைச்சிருச்சு.

அவங்க பாட்டி வழி தான், ஆனா தாத்தாவும் பாட்டியும் மாமன் மக்க, ரெண்டு பேரோட அப்பாவும் ஒரே ஊரு. காலைல அவங்க பேரன் வாட்ஸ்அப்ல பேமிலி கார்ட போட்டோ புடிச்சு அனுப்பியிருக்கான். தம்பி சொன்ன மாதிரியே முசிறின்னு இருக்கிறது தாலுக்கா தான். ஊர் பேரு மடிப்புல விழுந்து முன்பாதி பிஞ்சு போச்சு, "பட்டி"ன்னு முடியுறது மட்டும் தான் தெரியுது, அதுக்கு முந்தி ஒரு "ம்" மாதிரி இருக்கு. முசிறிப் பக்கத்து ஆளுங்க யாராவது இதைப் படிச்சா, உங்க பக்கம் அப்படி முடியுற ஊர் பேரெல்லாம் கீழ எழுதுங்க. வாற செவ்வாய் ஆர்க்கைவ்ஸ் போறேன், தகரத்தோட போட்டோவ எடுத்துட்டுப் போறேன்.