மறு: ட்ரேசர் கேஸ் – 'தடங்காட்டி வாயு' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு வாயு எவ்வளவு வெளியாகிறது என்று அளக்கத் துணையாகும், அளவு தெரிந்த இன்னொரு வாயுதான் ட்ரேசர் கேஸ். அதற்கு முன்வைக்கப்பட்ட பெயர்களில் 'சுவடு வாயு' வேண்டாம் என்பது என் கருத்து. காற்றில் துளியளவே உள்ள வாயுக்களை, அதாவது ட்ரேஸ் கேஸ்களை, ஏற்கெனவே அப்படித்தான் எழுதுகிறோம். அம்மோனியாவும் அதில் ஒன்று. அளக்கப்படுவதும் சுவடு வாயு, அளக்க உதவுவதும் சுவடு வாயு என்றால் படிப்பவர் திணறிப்போவார்.

நாம் தமிழாக்கும் பகுதி டென்மார்க், நெதர்லாந்து மாட்டுக்கொட்டகைகளிலிருந்து வெளியேறும் அம்மோனியாவை அளப்பதைப் பற்றியது. அங்கே பல பால்பண்ணைகளில் காற்றை வெளியே தள்ள விசிறி கிடையாது; பக்கத் திறப்பு வழியாகவும் கூரை முகடு வழியாகவும் காற்று தானாக வந்துபோகும். விசிறி இருந்தால் அதன் வழியே போகும் காற்றை அளந்து அம்மோனியாச் செறிவால் பெருக்கிவிடலாம். இங்கோ காற்று திசைமாறினால், காலையில் காற்று நுழைந்த பக்கமே மாலையில் வெளியேறும் பக்கமாகிவிடும். அதனால் வெளியாகும் அளவு நமக்குத் தெரிந்த இன்னொரு வாயுவைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு என்ற வாயுவை, சாணமும் மூத்திரமும் விழும் நடைபாதையை ஒட்டி மெல்லிய குழாய்களில் சீராக விடுவார்கள். அம்மோனியா கிளம்பும் இடத்திலேயே அதுவும் கிளம்பி, கூடவே கலந்து போகவேண்டும். இல்லாவிட்டால் மாடு விடும் கரியமில வாயுவையே கணக்கில் எடுப்பார்கள். 600 கிலோ எடையில், நாளுக்கு 25 லிட்டர் கறக்கும் பசு மணிக்கு ஏறக்குறைய கால் கனமீட்டர் விடும். அம்மோனியா, துணை வாயு இரண்டுக்கும் உள்ளே, வெளியே செறிவு வித்தியாசத்தை எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்து, துணை வாயு வெளியாகும் தெரிந்த அளவால் பெருக்கினால் அம்மோனியா உமிழ்வு கிடைத்துவிடும். காற்றின் அளவைத் தனியாக அளக்கவே வேண்டாம்.

உடன்போய்த் தடம் காட்டுவதுதான் இந்தத் துணை வாயுவின் வேலை. 'தடங்காட்டி' அதை அப்படியே சொல்கிறது. திசைகாட்டி, வழிகாட்டி என்று நாவில் பழகிய அமைப்பும்கூட. முன்வைக்கப்பட்ட இன்னொரு பெயரான 'உளவு வாயு' எனக்கும் பிடித்தது, ஆனால் கேட்டதும் போர்க்கள வாயுதான் நினைவுக்கு வருகிறது.

கரியமில வாயுவுக்கு 'இயல் தடங்காட்டி', நாம் விடுவதற்கு 'இடு தடங்காட்டி' என்று பிரித்துக்கொள்ளலாம். முறையின் பெயர் 'தடங்காட்டி விகித முறை'. இதைத் தயவுசெய்து 'வீத முறை' என்று மாற்றிவிடாதீர்கள். விகிதம் இரண்டு செறிவுகளுக்கு இடையிலானது. வீதம் மணிக்கு எவ்வளவு என்பது. இரண்டும் ஒரே பத்தியில் வருகின்றன.

வாயுவா, வளிமமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பெரும்பான்மை எதுவோ அதையே வைத்துக்கொள்வோம்.