பாட்டில்நெக்: குப்பிக்கழுத்தா, ஒடுக்கமா, இடுங்கலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> பாட்டில்நெக் என்றால் குப்பிக்கழுத்து. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. ஓர் இனத்தின் எண்ணிக்கை மிகவும் குறைந்து, அதோடு அதன் மரபணு வேறுபாடுகளும் குறைந்துபோவதைத்தான் உயிரியலில் 'பாட்டில்நெக்' என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதே கேள்வி. ஓங்கில்களில் (டால்பின்) ஒரு வகையைக் 'குப்பிமூக்கு ஓங்கில்' என்று எழுதி வருகிறோம். என் கட்டுரையில் அதற்கு நாலு வரி தள்ளி, 'இவ்வினம் குப்பிக்கழுத்தைக் கடந்து வந்தது' என்று போட்டிருந்தேன். பிழை திருத்திய தங்கை கேட்டாள்: "மூக்கு சரி, கழுத்து எந்த மீனுக்கு?" (ஓங்கில் மீனே இல்லை என்று அவளுக்குப் பாடம் எடுத்தது தனிக்கதை.) அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

'கணவாய்' என்று ஒருவர் சொன்னார். மலைவழி என்ற பொருளில் அழகான சொல்தான். ஆனால் கடலைப் பற்றிய கட்டுரையில் கணவாய் என்றால் வாசகருக்கு வறுவல்தான் நினைவுக்கு வரும். 'ஒடுக்கம்' வேதியியலில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது.

சொல்லைத் தேடும் முன் நடப்பதைப் பார்ப்போம். வட யானைச்சீல்களைக் கொழுப்பெண்ணெய்க்காக 19-ஆம் நூற்றாண்டில் கொன்று தீர்த்தார்கள். 1892-இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவில் எஞ்சியிருந்த சிலவற்றைக் கண்ட அருங்காட்சியகக் குழு, அவற்றிலும் 7-ஐக் கொன்று எடுத்துச் சென்றது! 1922-இல் மெக்சிகோ பாதுகாப்புத் தந்தது. இன்று 2 இலட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. தலைகளை எண்ணினால் மீண்டுவிட்டன. ஆனால் 1974-இல் வெளியான ஆய்வில் 24 மரபணு இடங்களைச் சோதித்தும் ஓரிடத்தில்கூட வேறுபாடு தென்படவில்லை. தொகை திரும்பியது, வகை திரும்பவில்லை.

அதனால்தான் இதற்கு 'நெருக்கடி' என்று சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. நெருக்கடி தீர்ந்துவிடும், இது தழும்பை விட்டுப் போகிறது.

நான் முன்வைப்பது 'இடுங்கல்'. கண் இடுங்கியது என்கிறோமே, அதே வினைதான். கலைச்சொல்லுக்கு வினை இருந்தால் எழுதுகிறவன் பிழைத்தான்: தொகை இடுங்கியது, இடுங்கிய தொகை, இடுங்கலுக்கு முன், இடுங்கலுக்குப் பின். 'குப்பிக்கழுத்து'க்கு வினை ஏது? படம் வேண்டுமானால் உடுக்கையை நினைத்துக்கொள்ளலாம். இரு பக்கமும் அகலம், நடுவில் கைப்பிடி அளவு.

'பாப்புலேஷன்' என்பதற்கு எழுதும் 'மக்கள்தொகை' பற்றி ஒரு வரி. சீலுக்கும் ஓங்கிலுக்கும் மக்கள் எதற்கு? 'உயிர்த்தொகை' போதும், இடம் தெளிவாக இருந்தால் வெறும் 'தொகை'.

அன்புடன்.

* * *

ஐயா, வணக்கம். பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். உங்கள் சொல்லைப் போன வாரம் வகுப்பில் வைத்துப் பார்த்தேன். ஒரு செம்பில் புளியங்கொட்டை, குன்றிமணி, சோழி, மொச்சை, வேப்பங்கொட்டை கலந்து, வாயைக் கையால் இடுக்கிக் கவிழ்த்தோம். 6 விழுந்தன: நாலு புளியங்கொட்டை, இரண்டு மொச்சை. அந்த இரண்டு வகையை மட்டும் போட்டுச் செம்பை மறுபடி நிரப்பச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் கேட்டான்: "டீச்சர், செம்புதான் ரொம்பிடுச்சே, குன்றிமணி எப்ப வரும்?" அதற்கு மேல் நான் விளக்கவே இல்லை.

ஒரு தடை மட்டும். உங்கள் கட்டுரையில், கலிபோர்னியா வளைகுடாவில் அருகிவரும் வக்கீட்டா என்ற கடல்விலங்குக்கும் இதே சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். அது பொருந்துமா?

* * *

அம்மா, பிடித்துவிட்டீர்கள். பொருந்தாது.

வக்கீட்டா ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும் கடற்பன்றி (ஓங்கிலுக்கு உறவு), கண்ணைச் சுற்றிக் கருவளையம். (ஸ்பானியத்தில் 'சின்னப் பசு' என்று பொருள். அதற்காகக் கடல்பசு என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அது நம் பாக் நீரிணை ஆவுளியாவின் பெயர்.) 1997-இல் ஏறத்தாழ 567 என்று மதிப்பிட்டார்கள். இப்போது விரல்விட்டு எண்ணலாம். யாரும் அதைப் பிடிக்கப் போவதில்லை. நம்மூர்க் கத்தாழையின் உறவான டொட்டாபா மீனுக்கு விரிக்கும் செவுள்வலையில் சிக்கி, மூச்சுக்கு மேலே வர முடியாமல் சாகிறது. டொட்டாபாவின் காற்றுப்பைக்குச் சீனத்தில் அவ்வளவு விலை.

அதன் மரபணுவிலும் வேறுபாடு குறைவுதான். ஆனால் 2022-இல் வெளியான ஆய்வின்படி, அந்தக் குறைவு வலையால் வந்ததல்ல. இரண்டரை இலட்சம் ஆண்டுகளாகவே அது சில ஆயிரங்களைத் தாண்டாத இனம். அப்படியே வாழ்ந்ததால் கேடான மரபணுப் பிறழ்வுகள் பலவும் அவ்வப்போது கழிந்துவிட்டன. வலைச்சாவு அடியோடு நின்றால் 50 ஆண்டுகளுக்குள் அற்றுப்போகும் வாய்ப்பு 6 விழுக்காடுதான் என்று கணித்திருக்கிறார்கள்.

இதையும் 'இடுங்கல்' என்று எழுதினால், மரபணுவே கெட்டுவிட்டது, இனிக் காப்பாற்றி என்ன பயன் என்று வாசகர் நினைப்பார். அங்கே பழி வலை மேல் இருக்க, சொல் அதை விலங்கின் மேல் போட்டுவிடும். ஆகவே அகன்றிருந்து குறுகினால் 'இடுங்கல்'. தொன்றுதொட்டே சிறுத்திருந்தால் 'சிறுதொகை'. வக்கீட்டாவின் எண்ணிக்கை இப்போது சரிந்ததற்கு 'சரிவு' என்ற எளிய சொல்லே போதும்.

மூன்று இடங்களில் திருத்திவிட்டேன். 'எஃபெக்டிவ் பாப்புலேஷன்' என்பதற்குப் 'பயனுறு தொகை'யா 'இனப்பெருக்கத் தொகை'யா என்பதைத் தனி இழையில் தொடங்குகிறேன், இதிலேயே இழுத்தால் பொங்கலுக்குள் கட்டுரை போகாது. அந்தச் செம்பைப் படம் எடுத்திருந்தால் அனுப்புங்கள் அம்மா, கட்டுரையில் சேர்த்துக்கொள்கிறேன்.