சிட் அவுட் பேஸ்மென்ட் சுவரில் விரிசல்: பூசி மூடலாமா, இடிக்க வேண்டுமா?

கரிசல்வீடு:
வணக்கம். எங்கள் வீடு சாத்தூர் பக்கம், சுத்தமான கரிசல் மண். 2019இல் பில்லர் போட்டு 7 அடி ஆழத்துக்கு இறக்கி வீட்டைக் கட்டினோம், அதில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை. 2021இல் முன்னால் சிட் அவுட்டை (திண்ணையை) தனியாகச் சேர்த்தோம். 2 அடிதான் வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டினார்கள், 6 அங்குல சாலிட் பிளாக்கில் 3 அடி உயரத்துக்குச் சுவர், உள்ளே மண் நிரப்பி மேலே டைல்ஸ்.

இப்போது இடது முன் மூலையில் படிக்கட்டு மாதிரி பிளாக் இணைப்புகள் வழியாகவே ஒரு விரிசல் ஏறுகிறது, கீழே மயிரிழை, மேலே பத்து ரூபாய் நாணயம் நுழைகிறது. வீட்டுச் சுவரோடு சேரும் இடத்திலும் இடைவெளி விட்டிருக்கிறது, அதுவும் மேலேதான் அகலம். முன்சுவரின் நடுவில் கிடைமட்டமாகக் குறுக்கே ஒரு விரிசல் கோடு. பூச்சு முழுக்க வலைப்பின்னலாகச் சிறு கீறல்கள் வேறு. கொத்தனார் கெமிக்கல் வைத்து அடைத்துப் பூசிவிடலாம் என்கிறார், மைத்துனர் மொத்தமாக இடித்துக் கட்டு என்கிறார். அம்மா சாயங்காலம் அங்கேதான் உட்காருவார், அதனால் பயமாக இருக்கிறது. எது சரி?

சைட்_இன்ஜினியர்:
முதலில் ஒன்று சொல்லுங்கள், சிட் அவுட்டுக்கு மேலே கான்கிரீட் தளம் இருக்கிறதா, அதைத் தாங்கும் தூண் இந்தச் சுவர் மேல் நிற்கிறதா? அப்படியென்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் நேரில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், அம்மாவை அங்கே உட்கார விடாதீர்கள்.

தூண் இல்லையென்றால் தொடர்ந்து படியுங்கள். நீங்கள் சொல்வது ஒரே வியாதி இல்லை. வலைப்பின்னல் கீறல் வெறும் பூச்சு உலர்ந்து சுருங்கியது, சிமெண்ட் அதிகம் போட்டிருப்பார்கள் அல்லது தண்ணீர் சரியாக ஊற்றியிருக்க மாட்டார்கள், அதை மறந்துவிடுங்கள். படிக்கட்டு விரிசல்தான் அடித்தளம் பேசுவது. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் சுவரின் ஓரம் இறங்குகிறது என்று பொருள், கீழே அகலமாக இருந்திருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது. வீட்டோடு சேரும் இடைவெளியும் மேலே அகலம் என்பதால் மொத்த சிட் அவுட்டும் வெளிப்பக்கமாகச் சாய்கிறது. 7 அடி ஆழத்தில் நிற்கும் வீடும் 2 அடியில் நிற்கும் திண்ணையும் கரிசலில் ஒன்றாக நகராது, மழையில் உப்பி கோடையில் சுருங்குவது மேல்மட்டத்து மண்தான்.

குறுக்குக் கோடு தனி விஷயம். அது உள்ளிருந்து தள்ளுவது. உள்ளே என்ன மண் நிரப்பினார்கள்? சுவர் வெளியே தொந்தி தள்ளியிருக்கிறதா என்று தூக்குக் குண்டு விட்டுப் பாருங்கள். அப்புறம் விரிசல் மேல் ஓரிடத்தில் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, பிளாக்கே உடைந்திருக்கிறதா, இணைப்பு மட்டும் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

முத்துநகர்_வாசகி:
பக்கத்தில் மரம் உண்டா? எங்கள் தெருவில் வேப்ப மரத்தை ஒட்டிய காம்பவுண்ட் சுவர்கள் எல்லாம் சித்திரை வைகாசியில் வாயைத் திறக்கும், ஐப்பசி மழைக்கு அப்புறம் தானாக மூடிக்கொள்ளும். கோடையில் பார்த்துவிட்டு அடைத்தால் மழையில் மண் உப்பும்போது அடைத்த சிமெண்ட்டே ஆப்பாக நின்று பக்கத்து இணைப்பைப் பிளக்கும். மரம் இருந்தால் அவசரப்பட்டு வெட்டவும் வேண்டாம், வேர் உறிஞ்சாமல் போனால் அதுவரை காய்ந்து கிடந்த மண் ஈரம் ஏறி உப்பிக்கொண்டு மேலே வரும்.

கரிசல்வீடு:
நன்றி, இரண்டு பேருக்கும். மேலே தகரக் கூரைதான், ஜிஐ பைப் தனியாகத் தரையில் ஊன்றியது. இடது மூலையிலிருந்து பத்தடியில் வேம்பு இருக்கிறது. பூச்சைக் கொத்திப் பார்த்தேன், பிளாக் உடையவில்லை, இணைப்புதான். நிரப்பியது வானம் தோண்டிய அதே கரிசல் மண் என்று இப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சுவர் நடுவில் அரை அங்குலத்துக்கும் குறைவாக வெளியே வந்திருக்கிறது. இன்னொன்று, மொட்டைமாடி மழைநீர்க் குழாய் வலது மூலைக்குப் பக்கத்திலுள்ள சேகரிப்புக் குழியில்தான் விழுகிறது.

சைட்_இன்ஜினியர்:
குழி அங்கே இருப்பது முக்கியமான செய்தி. 2003லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம், நல்ல விஷயம்தான், ஆனால் கரிசலில் அஸ்திவாரத்தை ஒட்டிக் குழி தோண்டினால் தண்ணீரை நேரே சுவருக்கு அடியில் கொண்டு போய் ஊற்றுகிறோம். ஒரு பக்கம் வேம்பு உறிஞ்சி மண் சுருங்குகிறது, மறுபக்கம் குழி நனைத்து உப்ப வைக்கிறது. அதனால் இடது இறங்கியதா, வலது ஏறியதா என்று பார்க்க வேண்டும். மட்டக்குழாய் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) எடுத்து, வீட்டின் பிளின்த் பீமை (வீட்டுச் சுவர்களுக்கு அடியில் ஓடும் கான்கிரீட் பீமை) அடையாளமாக வைத்து இரண்டு மூலைகளையும் பாருங்கள். டைல்ஸ் தரையில் வைக்காதீர்கள், அது தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துப் போட்டது. பிளாக் வரியின் இணைப்புக் கோட்டில் வையுங்கள், கட்டும்போது நூல் பிடித்து மட்டமாக வைத்தது அதுதான்.

கரிசல்வீடு:
பார்த்துவிட்டேன் சார். இடது மூலை 20 மி.மீ. கீழே. வலது 5 மி.மீ. மேலே.

சைட்_இன்ஜினியர்:
அப்போது இரண்டும் நடக்கிறது, ஆனால் பெரும்பங்கு இடது இறங்கியதுதான். இடிக்க வேண்டாம். குழாயை நீட்டி, குழியை வீட்டை விட்டு நன்றாகத் தள்ளி வேறு இடத்தில் போடுங்கள், இதுதான் முதல் செலவு. அடுத்து சிட் அவுட்டைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு அடியில் பாலித்தீன் விரித்து, வெளியே சாய்வாகக் கான்கிரீட் போடுங்கள், மண்ணின் ஈரம் வருடம் முழுக்கக் கொஞ்சமாவது ஒரே மாதிரி இருக்கும். டைல்ஸ் இணைப்புகளை அடைத்து உள்ளே தண்ணீர் இறங்குவதை நிறுத்துங்கள், முன்சுவரின் அடியில் சில துளைகள் போட்டு உள்ளே தேங்கிய நீர் வெளியேற வழி விடுங்கள். தொந்தி ஒரு அங்குலத்தைத் தாண்டினால் அந்த முன்சுவரை மட்டும் பிரித்து, கரிசலை அள்ளிவிட்டு கிராவல் நிரப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு ஓரமும் சிமெண்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள், நகர்ந்தால் கண்ணாடி உடையும். அகலத்தையும் மாதம் ஒருமுறை அளந்து குறியுங்கள்.

முத்துநகர்_வாசகி:
வேம்பை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஒரேயடியாக வெட்டச் சொல்லிவிடாதீர்கள்.

சைட்_இன்ஜினியர்:
வெட்ட வேண்டாம், நீங்கள் சொன்ன காரணமேதான். வருடா வருடம் கிளைகளைக் கழித்தால் உறிஞ்சுவது குறையும்.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டி விரிசல் அதே அளவில் நின்றால் இணைப்புகளை ஒரு அங்குலம் சுரண்டி 1:6 கலவை (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்) வையுங்கள், அதற்கு மேல் சிமெண்ட் கூட்டாதீர்கள். வீட்டோடு சேரும் இடைவெளியில் மட்டும் கலவையே வேண்டாம், நுரைக் கயிறு திணித்து பாலிசல்ஃபைடு சீலன்ட் (ரப்பர் மாதிரி இழுபடும் அடைப்பான்) விட்டால் போதும், அந்த இரண்டும் தனித்தனியாக அசைந்துகொண்டுதான் இருக்கும். கண்ணாடி உடைந்துகொண்டே போனால் அளவுகளோடு வந்து எழுதுங்கள், இடது மூலைக்கு அடியில் அஸ்திவாரத்தை ஆழமாக இறக்குவதைப் பற்றி அப்போது பேசலாம்.