கத்திரி வெயிலுக்கு முன்னால்: மேலத்தெரு கொல்லைத் தோட்டக் குழு, மதுரை

சித்திரை 14, ஞாயிறு

[காலை 6:10] கோடி வீட்டு மதினி: எல்லாருக்கும் வணக்கம். கொல்லையில 20க்கு 15 அடி இடம் சுத்தம் பண்ணியாச்சு. செம்மண், போர் தண்ணி. மேற்கே மதில், மத்தபடி பொழுதன்னைக்கும் வெயில். மே 4ஆம் தேதி கத்திரி பிறக்குது. இப்ப விதை போடலாமா, ஆடி வரைக்கும் சும்மா போட்டு வைக்கணுமா? தக்காளி, மிளகாய், வெண்டை வேணும்.

[காலை 6:14] முருங்கை மரத்து வீட்டுப் பெரியம்மா: சும்மா போடாத தாயி. வெறும் மண்ணு வெயில்ல கிடந்தா சட்டியாட்டம் காஞ்சு இறுகிப்போகும். ஒண்ணும் விதைக்கலேன்னாலும் சருகையாவது பரப்பி வை.

[காலை 6:21] வேளாண்மை சார்: விதைக்கலாம்மா. எதை விதைக்கிறோம்ங்கறதுதான் கேள்வி. தக்காளியை இப்ப விட்டுருங்க. செடி வளரும், பூக்கும், காய் நிக்காது. பகல் 35 டிகிரியைத் தாண்டினா தக்காளி மகரந்தம் செத்துப்போகும். ராத்திரியும் 21, 22க்கு இறங்கணும். மே மாசம் மதுரையில விடியக்காலையிலயே 26 இருக்கும். எவ்வளவு உரம் போட்டாலும் பூ உதிரத்தான் செய்யும். ஆனி நடுவுல நாற்று விட்டு, 25 நாள் நாற்றை ஆடியில நடுங்க. பி.கே.எம். 1 ரகம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்தது, நம்ம பக்கத்து மண்ணுக்குச் சரியா வரும்.

[காலை 6:23] வேளாண்மை சார்: இப்ப தைரியமா விதைக்கக்கூடியது: கொத்தவரை, தட்டைப்பயறு, வெண்டை, பீர்க்கு, பாகல், புடலை, தண்டுக்கீரை, கொடிப்பசலை. இதுல வெயிலுக்கு அசையாதது கொத்தவரையும் தட்டைப்பயறும்தான். வெண்டை வரும், ஆனா கோடையில வெள்ளை ஈ அதிகம், மஞ்சள் நரம்பு நோயும் அதோட வரும். அவரையை எடுக்கவே வேணாம். பகல் பொழுது குறைஞ்சாத்தான் நாட்டு அவரை பூக்கும். இப்ப போட்டா அது வரைக்கும் வெறும் கொடியாத்தான் ஓடும்.

[காலை 6:25] கோடி வீட்டு மதினி: மிளகாய் சார்?

[காலை 6:27] வேளாண்மை சார்: வைகாசிக் கடைசியில நாற்று விடுங்க. தக்காளி மாதிரிதான், கொஞ்சம் கூடத் தாங்கும். குடைமிளகாய் இந்த ஊர் வெயிலுக்கு எந்த மாசமும் சிரமம்.

[காலை 6:40] மூணாம் நம்பர் தம்பி: மதினி, பாத்தி எப்படி எடுக்கப் போறீங்க? வீடியோல எல்லாம் ஒரு அடி உயரத்துக்குப் பலகை அடிச்சு மேட்டுப்பாத்தி போடுறாங்க. வேருக்குக் காத்தோட்டம் கிடைக்கும்.

[காலை 6:44] கிணத்து வீட்டு அண்ணன்: தம்பி, அது மழை ஊருக்குச் சரி. இங்க சித்திரையில மேட்டுப்பாத்தி போட்டா நாலு பக்கமும் வெயில் பட்டு ஓரமெல்லாம் காஞ்சுரும். ஊத்துற தண்ணி நடுவுல நிக்காம பக்கவாட்டுல வடிஞ்சு போகும். நமக்குப் பள்ளப்பாத்திதான். தரைமட்டத்துக்குக் கீழ 5 அங்குலம் இருக்கட்டும். எடுத்த மண்ணை வச்சுச் சுத்தி வரப்பு கட்டுங்க. அந்த வரப்பே காலையில, சாயங்காலம் சரிஞ்சு விழுற வெயிலைக் கொஞ்சம் மறிக்கும்.

[காலை 6:46] மூணாம் நம்பர் தம்பி: ஐப்பசி மழையில அதே பள்ளம் குளமா நிக்குமே அண்ணே?

[காலை 6:49] கிணத்து வீட்டு அண்ணன்: நிக்கும். அதுக்குத்தான் புரட்டாசிக் கடைசியில வரப்பு மண்ணை உள்ள தள்ளி, மூடாக்கு (மண்ணு மேல பரப்புற சருகு, வைக்கோல்) மக்கினதையும் சேர்த்துப் பாத்தியை மேடாக்கிரணும். வருஷம் பூரா ஒரே பாத்தின்னு வச்சுக்கிறதுதான் தப்பு.

[காலை 6:50] வேளாண்மை சார்: அண்ணன் சொல்றது சரி. தம்பி கேட்டதும் நியாயம். பள்ளப்பாத்தியில தண்ணி தேங்கினா ரெண்டே நாள்ல வேர் அழுக ஆரம்பிக்கும். கோடை மழை திடீர்னு கொட்டினா ஒரு மூலையில வரப்பை வெட்டி விட்டுருங்க.

[காலை 6:58] கோடி வீட்டு மதினி: ஒரு பாத்திக்கு எரு எவ்வளவு? மாட்டுச்சாணி பக்கத்துலயே கிடைக்குது.

[காலை 7:02] கிணத்து வீட்டு அண்ணன்: 10க்கு 4 அடி பாத்தின்னா நல்லா மக்கின தொழுவுரம் 20 கிலோ, மண்புழு உரம் 5 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 1 கிலோ. முக்கால் அடி ஆழம் கொத்திக் கலந்து, தண்ணி தெளிச்சு 10 நாள் விட்டுட்டு அப்புறம் விதைங்க. பச்சைச் சாணி வேணவே வேணாம். மண்ணுக்குள்ள மக்குறப்ப சூடு கிளம்பி இளவேரைக் கருக்கிரும். வெள்ளைப் புழுவும் கரையானும் தேடி வரும். மக்கின எருவுல சாணி வாடை இருக்காது, கையில எடுத்தா தேயிலைத்தூள் மாதிரி உதிரும்.

[காலை 7:05] பெரியம்மா: வீட்டுக் கழிவைப் போடுறதுன்னா தனியாக் குழி வெட்டி மக்க வச்சுப் போடு. பாத்தியில நேராப் போட்டா எலி தோண்டும்.

[காலை 7:30] கோடி வீட்டு மதினி: தண்ணி காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் போதுமா? டியூப்ல அடிச்சு விடலாம்ல?

[காலை 7:38] கிணத்து வீட்டு அண்ணன்: இதைக் கொஞ்சம் விவரமா எழுதுறேன். கத்திரி வெயில்ல ஒரு சதுர மீட்டர் நிலத்துல இருந்து ஒரு நாளைக்கு 5, 6 லிட்டர் தண்ணி ஆவியாப் போகும். உங்க பாத்தி கிட்டத்தட்ட 3.7 சதுர மீட்டர். அப்ப நாளைக்கு 20, 22 லிட்டர், ஒண்ணரைக் குடம். அதை ஒரே தடவையா விடியக்காலையில கொடுங்க. ரெண்டு தடவை கொஞ்சங்கொஞ்சமாத் தெளிச்சா மேல ஒரு அங்குலம்தான் நனையும். வேரும் தண்ணியைத் தேடி மேலயே சுத்தும். பகல்ல வேகுறது அந்த மேல் அங்குலம்தான். ஆழமா நனைச்சா வேரும் ஆழமாப் போகும். புதுசா முளைச்சதுக்கு மட்டும் முதல் 10 நாள் காலை, சாயங்காலம்னு ரெண்டு வேளையும் லேசாத் தெளிக்கலாம்.

[காலை 7:41] கிணத்து வீட்டு அண்ணன்: டியூப்ல அடிக்கிறதுன்னா முதல்ல வர்ற தண்ணியை வாளியில பிடிச்சுருங்க. வெயில்ல கிடந்த டியூப்புக்குள்ள இருக்கிறது வெந்நீர், இளஞ்செடி மேல பட்டா வெந்துரும். நல்ல வேகத்துல அடிச்சாலும் குழி விழுந்து வேர் வெளிய தெரியும்.

[காலை 7:44] மூணாம் நம்பர் தம்பி: சொட்டுநீர் போட்டா இந்தத் தொல்லையே இல்லை மதினி. 16 மில்லிமீட்டர் குழாய், ஒன்றரை அடிக்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 4 லிட்டர் விடுறது. முன்னால ஒரு வடிகட்டி கட்டாயம். போர் தண்ணியில வர்ற மண்ணும் சுண்ணாம்பும் சொட்டுவானை அடைச்சுரும். வாரத்துக்கு ஒரு நாள் குழாய்க் கடைசி மூடியைத் திறந்து ரெண்டு நிமிஷம் ஓட விடுங்க.

[காலை 7:46] பெரியம்மா: கொடிக்குப் பானை வை தாயி. சுட்ட மண்பானை, வர்ணம் பூசாதது. கழுத்து வரைக்கும் புதைச்சுட்டு, சுத்தி அரை அடி தள்ளி விதை போடு. பானையில தண்ணி நிறைச்சு, மேல ஒரு ஓடு வச்சு மூடு, கொசு முட்டை வைக்காது. வாங்கறப்பவே தண்ணி ஊத்திப் பாரு. கொஞ்ச நேரத்துல வெளிப்பக்கம் வேர்க்கணும். வேர்க்காத பானை இதுக்கு ஆகாது.

[காலை 7:48] கிணத்து வீட்டு அண்ணன்: பெரியம்மா சொன்னது பீர்க்கு, பாகலுக்கு அருமையான முறை. போர் தண்ணியில சுண்ணாம்பு படிஞ்சு நாளாக ஆகப் பானையோட கண்ணு அடைச்சுக்கும். தண்ணி குறையாம அப்படியே நின்னா பானையை மாத்திரணும்.

[காலை 7:55] கோடி வீட்டு மதினி: மத்தியானம் இலையெல்லாம் தொங்கிப்போகுதே. எங்க அம்மா வீட்டுச் செடியைப் பாத்திருக்கேன். அப்ப கொஞ்சம் ஊத்தலாமா?

[காலை 7:57] வேளாண்மை சார்: வேண்டாம்மா. பூசணி, பீர்க்கு மாதிரி அகல இலைச் செடி 2 மணிக்குத் தொங்கும், 6 மணிக்குத் தானா நிமிரும். வேர் இழுக்கிறதைவிட இலையில போறது அதிகம், அவ்வளவுதான், மண்ணு காஞ்சிருச்சுன்னு அர்த்தமில்லை. காலை 7 மணிக்கும் தொங்கினாத்தான் கவலைப்படணும். அப்பவும் உடனே ஊத்தாதீங்க. விரலை ரெண்டு அங்குலம் மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா தண்ணி. ஈரமா இருந்தும் தொங்கினா ஒண்ணு வேர் அழுகல், இல்லேன்னா வேரைத் தாக்குற நூற்புழு. பிடுங்கிப் பார்க்கிறப்ப வேர்ல முடிச்சு முடிச்சா இருந்தா நூற்புழு. அந்த இடத்துல அடுத்த தடவை செண்டுமல்லி போடுங்க.

[காலை 8:10] கோடி வீட்டு மதினி: ஆர்.ஓ. மிஷின்ல தினம் 30 லிட்டர் வீணாப் போகுது. அதை ஊத்திக்கிறேன்.

[காலை 8:11] கிணத்து வீட்டு அண்ணன்: ஐயோ வேணாம் மதினி! அது உப்பைப் பிரிச்சு வெளிய தள்ளுற தண்ணி. போர் தண்ணியைவிட உப்பு கூட.

[காலை 8:15] வேளாண்மை சார்: உங்க போர் தண்ணியை முதல்ல டி.டி.எஸ். மீட்டர்ல (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிறது) பாருங்க. 450க்குள்ள இருந்தா கவலையில்லை. 450ல இருந்து 2000 வரைக்கும் பயிரைப் பார்த்துப் போடணும். பீன்ஸ் முதல்ல கருகும், கத்தரி ஓரளவு தாங்கும், பீட்ரூட் நல்லாவே தாங்கும். 2000க்கு மேல போனா அந்தத் தண்ணியை நம்பித் தோட்டம் போடாதீங்க. மண்ணு மேல வெள்ளை பூத்தாலும், இலை ஓரம் மட்டும் கருகினாலும் உப்புன்னு புரிஞ்சுக்கலாம். அரிசி களைஞ்ச தண்ணி, காய்கறி கழுவின தண்ணி தாராளமா ஊத்தலாம். ஏசியில வடியிறது உப்பில்லாத தண்ணி, நாற்றுக்கு நல்லது. துணி துவைச்ச தண்ணி வேண்டாம்.

[காலை 8:30] பெரியம்மா: எல்லாரும் தண்ணியையே பேசுறீங்க. மூடாக்கு இல்லாம எத்தனை குடம் ஊத்தி என்ன? வைக்கோல், கரும்புச் சோகை, வேப்பஞ்சருகு, தென்னங்கீத்து, எது கிடைச்சாலும் மூணு அங்குலம் கனமாப் பரப்பு. தண்டை ஒட்டிப் போடாத, ரெண்டு விரல் தள்ளிப் போடு, இல்லேன்னா தண்டு அழுகும். ஒரு வாரம் கழிச்சு மத்தியானம் கையை உள்ள விட்டுப் பாரு. மேல கொதிக்கும், அடியில சில்லுனு இருக்கும். அப்புறம் தண்ணியும் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

[காலை 8:32] கிணத்து வீட்டு அண்ணன்: 👍 பெரியம்மா. விதை முளைச்சு நாலு இலை வந்த பிறகு பரப்புங்க மதினி. முன்னாடியே போட்டா முளை மேல வராது.

[காலை 8:36] மூணாம் நம்பர் தம்பி: நிழலுக்குப் பச்சை வலை கட்டலாமா சார்?

[காலை 8:40] வேளாண்மை சார்: கீரைக்கும் நாற்றுக்கும் 50 சதவீத வலை, அதாவது பாதி வெயிலை மறைக்கிறது. காய்க்கிற செடிக்கு 35 போதும். கடையில 75 சதவீத வலையைத் தூக்கிக் கொடுப்பாங்க, வாங்காதீங்க. செடி வெளிச்சம் தேடி நீண்டு வளர்ந்து பூக்காமப் போகும். ஏழடி உயரத்துல கட்டுங்க, தாழக் கட்டினா அனல் அடியிலயே நிக்கும். மேற்கு மதில் வேற பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி வரைக்கும் திருப்பி அடிக்கும். மதிலுக்கு ரெண்டடி தள்ளி நாலு அகத்தி விதை போட்டுருங்க, சீக்கிரம் வளரும். நிழலும் ஆச்சு, கீரையும் ஆச்சு. பீர்க்கு, பாகல் பந்தலுக்கு வலை தேவையில்லை, அது வெயில்லதான் காய்க்கும்.

[காலை 9:20] பால்வாடி டீச்சர்: 📷 படம்
எங்க மிளகாய்ச் செடி இலை இப்படிச் சுருண்டு போச்சு. வேப்பெண்ணெய் அடிச்சேன், இலை கருகிருச்சு. என்ன காரணம்?

[காலை 9:24] வேளாண்மை சார்: எத்தனை மணிக்கு அடிச்சீங்க டீச்சர்? லிட்டருக்கு எவ்வளவு?

[காலை 9:25] பால்வாடி டீச்சர்: 11 மணி இருக்கும். ஒரு லிட்டருக்கு ரெண்டு மூடி.

[காலை 9:31] வேளாண்மை சார்: அதான். எண்ணெய் இலை மேல படலமா நின்னு வெயில்ல வறுத்திருச்சு. சாயங்காலம் 5 மணிக்கு மேலதான் அடிக்கணும், லிட்டருக்கு 5 மில்லி போதும். முதல்ல 1 மில்லி சோப்புக் கரைசலோட எண்ணெயை நல்லாக் கலக்கிப் பால் மாதிரி ஆன பிறகு தண்ணி சேருங்க. அப்படியே தண்ணியில விட்டா எண்ணெய் தனியா மிதக்கும், கடைசியில அடிக்கிற செடிக்கு வெறும் எண்ணெயா விழும்.

[காலை 9:34] வேளாண்மை சார்: படத்துல இலை ஓரம் மேல் நோக்கி, படகு மாதிரி சுருண்டிருக்கு. அது இலைப்பேன். கீழ் நோக்கி, கவிழ்த்த படகு மாதிரி இருந்தா சிலந்திப்பேன். இலையெல்லாம் சிறுத்துக் கொத்தாக் கூடிப்போனா வெள்ளை ஈ கொண்டாந்த வைரஸ், அதுக்கு மருந்து கிடையாது, பிடுங்கிரணும். உங்களுக்கு இலைப்பேன்தான். 50 கிராம் வேப்பங்கொட்டையைப் பொடிச்சு ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊற வச்சு, வடிகட்டி, மறுநாள் சாயங்காலம் இலைக்கு அடியில படுற மாதிரி அடிங்க. 7 நாள் கழிச்சு இன்னொரு தடவை. நனையுற கந்தகம்னு கடையில கொடுத்தா இந்த வெயில்ல தொடாதீங்க. எண்ணெய் அடிச்ச செடிக்கு ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் அடிச்சா அதுவும் கருகும்.

[காலை 9:36] பால்வாடி டீச்சர்: நன்றி சார். கருகின இலையைக் கிள்ளிரவா?

[காலை 9:37] வேளாண்மை சார்: முழுசாக் கருகினதை மட்டும். பாதி பச்சை இருந்தா விட்டுருங்க, நிழலுக்கு ஆகும்.

[மாலை 5:45] கோடி வீட்டு மதினி: பந்தல் ஐட்டம் பத்திச் சொல்லுங்க பெரியம்மா. பீர்க்கு பூக்குது, பூக்குது, காயே வரலைன்னு நிறையப் பேர் சொல்றாங்க.

[மாலை 5:52] பெரியம்மா: குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அவ்வளவு. எரு 10 கிலோ. விதையை ராத்திரி ஊறப் போட்டு ஈரத்துணியில கட்டி வை, மறுநாள் குழிக்கு 4 போடு, நல்லா வந்த ரெண்டை விட்டு மத்ததைக் கிள்ளிரு. முதல்ல வர்றதெல்லாம் ஆண் பூ, வெறுங்காம்போட இருக்கும். பெண் பூவுக்கு அடியில சுண்டுவிரல் கனத்துக்குப் பிஞ்சு ஒட்டியிருக்கும். வெயில் காலத்துல ஆண் பூ கூடுதலாத்தான் வரும், பயப்படாத. கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளு. பக்கக் கிளையிலதான் பெண் பூ நிறைய வரும்.

[மாலை 5:56] கிணத்து வீட்டு அண்ணன்: இதுல ஒரு முக்கியமான விஷயம். பீர்க்கு, சுரை, புடலை மூணும் பொழுது சாயத்தான் பூ விரியும். பாகலும் பூசணியும் காலையில. காலையில எந்திரிச்சுப் பீர்க்கம்பூவுக்கு மகரந்தம் தொட்டு வச்சா ஒண்ணும் நடக்காது. சாயங்காலம் 6 மணிக்கு மேல ஆண் பூவைப் பறிச்சு, இதழை உரிச்சுட்டு, நடுத்தண்டைப் பெண் பூ நடுவுல மெதுவாத் தடவுங்க. ஒரு ஆண் பூ ரெண்டு மூணு பெண் பூவுக்கு வரும். பூசணிக்குக் காலை 8 மணிக்குள்ள.

[மாலை 6:01] வேளாண்மை சார்: பிஞ்சு மூணு நாள்ல மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தா மகரந்தம் சேரலை. காய் வளர்ந்து, ஒரு புள்ளியில தேன் மாதிரி வடிஞ்சு அழுகினா பழ ஈ. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. பழ ஈக்குப் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் காகிதப் பையைக் கட்டி மூடுங்க. விழுந்த காயை எருக்குழியில போடாதீங்க, உள்ள இருக்கிற புழு மண்ணுக்குள்ள போய்க் கூடு கட்டித் திரும்ப ஈயா வரும். பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயில்ல போட்டுருங்க. பொறி வாங்கினா பந்தல் காய்க்கு உண்டானது எதுன்னு கேட்டு வாங்குங்க. மாம்பழ ஈ பொறியில பாகல் ஈ விழாது.

[மாலை 6:10] கோடி வீட்டு மதினி: வெண்டைக்கு இடைவெளி?

[மாலை 6:12] கிணத்து வீட்டு அண்ணன்: வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. விதை 12 மணி நேரம் ஊறட்டும். 45 நாள்ல காய். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும், முத்த விட்டா அடுத்த பூ நின்னுரும். இலை நரம்பு மஞ்சளா மாறின செடியை அன்னைக்கே பிடுங்கி எரிச்சுருங்க. மஞ்சள் ஒட்டு அட்டை ரெண்டு, செடி உயரத்துக்குத் தொங்க விடுங்க.

[மாலை 6:15] பெரியம்மா: கீரை விதைக்கு ஒரு கரண்டிக்குப் பத்துக் கரண்டி மணல் கலந்து தூவு. எறும்பு இழுக்கும், ஓரத்துல கொஞ்சம் ரவை தூவி விட்டா அதை இழுத்துட்டுப் போகும், விதை தப்பிக்கும். 25 நாள்ல சிறுகீரை பிடுங்கிரலாம்.

[மாலை 6:18] கோடி வீட்டு மதினி: நாளைக்கே மண்ணைக் கொத்த ஆள் சொல்லிட்டேன். கொத்தவரை விதை யார்கிட்டயாவது இருக்கா?

[மாலை 6:19] பெரியம்மா: என்கிட்ட இருக்கு தாயி. வரப்ப ஒரு டப்பா கொண்டா. எரு கலந்து பத்து நாள் ஆகாம விதைக்காத.